மிருகத்தின் இலக்கமும் தோட்டத்துக் கணக்கும்

666 என்ற இலக்கம் என் காலத்திலேயே பல வேசம் கட்டிவிட்டது. முதலில் சவர்க்கார உறையில் இருந்த பார்கோடு என்றார்கள். பிறகு கணினி என்றார்கள். 2021இல் கொவிட் தடுப்பூசி. 2022இல் எரிபொருள் வாங்கக் கியூஆர் அட்டை வந்ததும், எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஜெபக் கூட்டத்தில் ஒலிபெருக்கி வைத்தே சொன்னார்கள்: முத்திரை இல்லாதவன் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது, வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரம் நிறைவேறிவிட்டது என்று. அந்தக் கூட்டத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களே ஒன்றிரண்டு பேர்தான். பெற்றோல் வாங்காதவர்களும் சேர்ந்து நடுங்கினார்கள். இப்போது இந்திய நிதியுதவியோடு டிஜிட்டல் அடையாள அட்டை தயாராகிறது. பழைய பிரசங்கத்தைத் தூசி தட்டி எடுத்துவிட்டார்கள்.

நான் கேகாலை மாவட்டத்து இறப்பர் தோட்டமொன்றில் பிறந்து, தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்து ஓய்வுபெற்றவள். அம்மா பால் வெட்டியவர். தோட்டத் தொழிலாளருக்கென்று 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் வழியாகக் கிறிஸ்தவத்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. இப்போது ஞாயிறு பாடசாலை நடத்துகிறேன். பைபிளின் கடைசிப் புத்தகத்தைக் காட்டி எங்கள் சனங்களைப் பயமுறுத்துவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன். அந்தப் புத்தகம் எங்களைப் போன்றவர்களுக்குத் தைரியம் சொல்ல எழுதப்பட்டது. அதை வைத்து எங்களைப் பயமுறுத்திக் காசு பார்க்கிறவரைப் பற்றி அந்தப் புத்தகமே எச்சரிக்கிறது.

யோவான் என்பவர் பத்மு தீவில் இருந்தபோது கண்ட தரிசனம் அது. உரோமைப் பேரரசன் தொமிசியனின் கடைசிக் காலத்தில், கி.பி. 95 வாக்கில் எழுதப்பட்டது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா என்ற ஏழு ஊர்ச் சபைகளுக்குப் போன கடிதம். ஏழும் இன்றைய துருக்கியின் மேற்குப் பக்கத்தில் இருக்கின்றன. கடிதம் எழுதுகிறவன், வாங்குகிறவனுக்குப் புரியும்படிதான் எழுதுவான். சிமிர்னாவில் சிறைக்குப் பயந்துகொண்டிருந்த ஏழை விசுவாசிக்கு 2022ஆம் வருசத்துக் கியூஆர் அட்டையைப் பற்றி எழுதி என்ன ஆறுதல்?

இலக்கத்தின் கதையைப் பார்ப்போம். எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் எழுத்துகளையே எண்களாகவும் எழுதினார்கள். நம் பழைய தமிழில் 'க' ஒன்று, 'உ' இரண்டு என்று இருந்ததைப் போல. ஒருவருடைய பெயரின் எழுத்துகளைக் கூட்டி எண்ணாகச் சொல்வது அன்று தெருவில் நடந்த விளையாட்டு. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலுக்குள் போன பொம்பேயி நகரச் சுவரொன்றில் யாரோ ஒரு காதலன், தன் காதலியின் எண் 545 என்று கிறுக்கி வைத்திருக்கிறான். தெரிந்தவனுக்குப் பெயர் புரியும், தெரியாதவனுக்கு வெறும் எண். 'நீரோ சீசர்' என்பதைக் கிரேக்கர் சொல்வதுபோல் 'நீரோன்' என்று வைத்து எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666 வருகிறது. இலத்தீன்காரர் உச்சரிப்பதுபோல் கடைசி 'ன்' இல்லாமல் எழுதினால் 616. எகிப்தில் கிடைத்த மிகப் பழைய பப்பிரசுத் துண்டொன்றில் இருப்பதும் 616தான். இரண்டு எண்ணும் ஒரே ஆளின் வாசலில் போய் நிற்கின்றன. உரோமை நகரில் கிறிஸ்தவர்களைக் கொன்ற பேரரசன் அவன். கடிதம் எழுதப்பட்ட காலத்தில் நீரோ செத்துக் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. ஆனால் அவன் திரும்பி வருவான், அவனைப் போல இன்னொருவன் எழும்புவான் என்ற பேச்சு ஊரெல்லாம் இருந்தது.

666 என்ற இலக்கத்துக்குரிய, கடலிலிருந்து ஏறிவரும் மிருகத்தை எல்லாருக்கும் தெரியும். அதே 13ஆம் அதிகாரத்தில் நிலத்திலிருந்து எழும்புகிற இன்னொரு மிருகம் இருக்கிறது. அதைப் பற்றி நம் மேடைகளில் யாரும் வாய் திறப்பதில்லை. அதற்கு ஆட்டுக்குட்டியின் கொம்புகளைப் போல இரண்டு கொம்பு. பேச்சு மட்டும் வலுசர்ப்பத்தின் பேச்சு. அற்புதம் செய்து காட்டும், வானத்திலிருந்து நெருப்பை இறக்கும், முதல் மிருகத்துக்குச் சிலை வைத்துச் சனத்தைக் கும்பிடச் செய்யும். முத்திரை குத்துகிற வேலையும் இதனுடையதுதான். 16ஆம், 19ஆம் அதிகாரங்களில் இதற்குக் கள்ளத்தீர்க்கதரிசி என்றே பெயர். பேரரசனைத் தெய்வமாக்கிக் கோவில் நடத்திய மாகாணத்து உள்ளூர்ப் பெரியவர்களையும் பூசாரிகளையும் இது குறிக்கிறது என்று அறிஞர் பலர் விளக்குகிறார்கள். எபேசுவில் தொமிசியனின் குடும்பத்துக்கு 89–90 வாக்கில் கோவிலே எழும்பியது. பேரரசன் இருந்ததோ கடலுக்கு அப்பால்.

தோட்டத்துச் சனத்துக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. கடல் கடந்து வந்தவன் துரை. ஊரில் ஆள் பிடித்து, முன்பணம் கொடுத்துக் கடனாளியாக்கி, லயத்தில் கொண்டுவந்து விட்டவன் எங்கள் மொழி பேசிய பெரிய கங்காணி. துரையின் முகத்தைச் சரியாகப் பார்க்காதவனும் கங்காணியின் குரலை விடிகாலைப் பிரட்டில் கேட்டான்.

முத்திரையும் எங்களுக்குப் புதிதில்லை. 1900களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களுக்கு, தோட்டத்தின் இலக்கம் குத்திய தகரத் துண்டு கொடுத்தார்கள். டின் டிக்கட் என்பார்கள். தோட்டம் மாற வேண்டுமானால், கடனைத் தீர்த்தால் இந்த ஆளை விடுகிறேன் என்று எழுதிய 'துண்டு' வேண்டும். அது இல்லாதவனுக்கு வேறு தோட்டத்தில் பேர் பதிய மாட்டார்கள். 1921இல்தான் அந்த முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

போன வருச லெந்து காலத்தில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளோடு 6ஆம் அதிகாரம் படித்தோம். கறுப்புக் குதிரையில் வருகிறவன் கையில் தராசு. ஒரு நாட்கூலிக்கு ஒரு படி கோதுமைதான் என்று ஒரு குரல் விலை சொல்கிறது. எண்ணெயையும் திராட்சரசத்தையும் தொடாதே என்றும் சொல்கிறது. அந்தப் படி ஓர் ஆளின் ஒரு நாள் சாப்பாட்டுக்குத்தான் காணும். சாதாரண காலத்தில் அதே கூலிக்கு எட்டு மடங்காவது கிடைத்திருக்கும் என்கிறார்கள். கரும்பலகையில் அப்போதைய நாட்சம்பளத்தை எழுதினேன்: 1,350 ரூபாய். 2021இல் 1,000 ஆக இருந்து, 2024இல் உயர்ந்தது. அரிசி, மா, பருப்பு, தேங்காய் என்று பிள்ளைகளே விலை சொல்லிக் கழித்தார்கள். பஸ் காசு வந்ததும் பலகையில் மிச்சமாகச் சில்லறை நின்றது. பின் வாங்கிலிருந்த பையன் கேட்டான்: "அப்ப அந்த எண்ணெயும் வைனும் யாருக்கு டீச்சர்?"

எத்தனையோ விளக்கவுரைகள் தொடத் தயங்குகிற கேள்வி அது. ஆசியா மாகாணத்தில் நல்ல நிலத்தையெல்லாம் திராட்சையும் ஒலிவமும் பிடித்துக்கொண்டிருந்தன. லாபம் அதில் இருந்தது, தானியத்துக்குத் தட்டுப்பாடு. 92 வாக்கில் மாகாணங்களின் திராட்சைக் கொடிகளில் பாதியையாவது வெட்டும்படி தொமிசியன் கட்டளையிட்டு, பிறகு அதை வற்புறுத்தாமல் விட்டுவிட்டான் என்று சுவெத்தோனியு என்ற வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். இதை எங்களுக்கு வேறு யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை. 1973–74 பஞ்சத்தில் மாவுக்கு வரிசையில் நின்ற பிள்ளை நான். மரவள்ளிக் கிழங்கு இருந்த வீட்டில் அடுப்பு எரிந்தது, இல்லாத வீட்டில் இல்லை. 1974இல் தோட்டப்புறச் சாவு வீதம் நாட்டின் மற்ற இடங்களை விட எவ்வளவோ மேலே போனது. அந்த வருசமும் இறப்பரும் தேயிலையும் கப்பல் ஏறின.

18ஆம் அதிகாரத்தில் பாபிலோன் விழுகிறபோது வியாபாரிகளும் அழுகிறார்கள். அவர்களுடைய சரக்குப் பட்டியலில் பொன், இரத்தினம், முத்து, பட்டு, கறுவா என்று வரிசையாக வந்து, கடைசிச் சரக்காக மனித உயிர் நிற்கிறது. இரத்தினக்கல் தோண்டுகிற, கறுவா உரிக்கிற, மனிதரைக் கடனுக்கு வாங்கிவந்த ஒரு நாட்டில் இந்தப் பட்டியலை வைத்து ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் பார்கோடு.

இனி நம் ஊர்த் தீர்க்கதரிசிகளுக்கு வருவோம். சம்பளம் போட்ட வாரத்தில் அவர்களுடைய நடமாட்டம் கூடும். எங்கள் பக்கத்து லயத்துப் பாட்டி ஒருவரின் பேரன் கொழும்பில் கடையொன்றில் நிற்கிறான். அவன் தலைக்கு மேல் மரண முத்திரை தெரிவதாக, வெளியூரிலிருந்து வந்த ஒருவர் தரிசனம் சொல்லியிருக்கிறார். பரிகாரம், அபிஷேக எண்ணெய். பாட்டி சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்து காட்டினார். இருமல் பாணி வந்த சின்னப் போத்தல். பழைய லேபலைச் சுரண்டிய பசை விரலில் ஒட்டியது. திறந்தால் தேங்காயெண்ணெய், கொஞ்சம் சந்தன வாசம். காணிக்கையாகக் கொடுத்தது இரண்டு நாள் சம்பளம். "பேரனுக்குப் போன் எடுத்தீங்களா பாட்டி?" என்றேன். "சொன்னா பலிக்காதுன்னாங்களே டீச்சரம்மா" என்றார். அங்கேயே எடுத்தோம். பையன் பகல் சோறு தின்றுகொண்டிருந்தான். என்னவோ ஏதோ என்று அவன்தான் பயந்துபோனான்.

ஆதிச் சபை இப்படிப்பட்ட ஆட்களைக் கண்டு திகைத்து நிற்கவில்லை. திதக்கே என்று ஒரு சின்னக் கைநூல் உண்டு. முதல் நூற்றாண்டின் முடிவையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தது. காணாமல்போன அதன் கைப்பிரதி 1873இல் கொன்ஸ்தாந்திநோபிளில் அகப்பட்டது. ஊர் ஊராக வருகிற அப்போஸ்தலனையும் தீர்க்கதரிசியையும் எப்படிச் சோதிப்பது என்று அதில் ஒளிவு மறைவில்லாமல் எழுதியிருக்கிறது. ஒரு நாள் தங்கலாம், அவசியமானால் இரண்டாம் நாளும் தங்கலாம். மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளன். புறப்படும்போது அடுத்த ஊர் போய்ச் சேரும்வரை ரொட்டி கொடுக்கலாம். பணம் கேட்டால் கள்ளன். ஆவியில் பேசுவதாகச் சொல்லிப் பந்தி போடச் செய்து, அதில் தானே உட்கார்ந்து சாப்பிட்டால் கள்ளன். இல்லாதவருக்குக் கொடுக்கச் சொன்னால் மட்டும் அவனைக் குறை சொல்லாதே. சொன்னது பலித்ததா என்று அங்கே கேட்கவில்லை. அவன் நடத்தை என்ன, காசு எங்கே போகிறது என்றுதான் பார்த்தார்கள். வெளிப்படுத்தலும் அப்படியே. தங்களை அப்போஸ்தலர் என்று சொல்லிக்கொண்டவர்களைச் சோதித்துப் பார்த்ததற்காக எபேசு சபைக்குப் பாராட்டு. தன்னைத் தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொண்ட ஒருத்தியைக் கேள்வி கேட்காமல் விட்டதற்காகத் தியத்தீராவுக்குக் கண்டிப்பு. ஆகவே, கேள்வி கேட்பது அவிசுவாசம் என்று யாராவது மேடையிலிருந்து சொன்னால், அவர் இரண்டாம் அதிகாரத்தையே படிக்கவில்லை என்று அர்த்தம்.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது நியாயமில்லை. லயத்தில் நள்ளிரவு காய்ச்சல் என்றால் முதலில் ஓடிவருகிறவர் பல இடங்களில் சின்ன ஜெபவீட்டுப் பாஸ்டர்தான். கசிப்பை விட்டுக் குடும்பத்தைப் பார்க்கத் தொடங்கியவர்களை அந்த ஜெபவீடுகளில் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் பழைய சபைகளில் குருவானவர் மாதம் ஒருமுறை வந்து, கடைசிப் புத்தகத்தைத் தொடாமலே போய்விடுகிறார். கஷ்டமான புத்தகம், சனத்துக்கு விளங்காது என்கிறார்கள். நாம் விட்டுவைத்த புத்தகத்தைத்தான் போத்தலோடு வருகிறவர் கையில் எடுக்கிறார்.

பொலிஸ் வந்து இதைத் தீர்க்கும் என்றும் நான் நம்பவில்லை. தீர்க்கதரிசி என்ற பட்டத்தோடு பெரிய கூட்டங்கள் நடத்திய போதகர் ஜெரோம் பெர்னாண்டோ, 2023 மே மாதத்தில் பௌத்தத்தையும் மற்றச் சமயங்களையும் பற்றிப் பேசியதாகச் சர்ச்சை எழுந்து, அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் திகதி கைதாகி, 2024 ஜனவரியில் பிணையில் வந்தார். மற்றவர் மனம் புண்பட்டதா என்பது நீதிமன்றத்தின் கேள்வி. ஒருவர் உண்மையான தீர்க்கதரிசியா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எந்த அரசுக்கும் இருக்கக் கூடாது. இருந்தால் முதலில் மாட்டுவது பெரிய மண்டபக்காரர் இல்லை, சிங்களக் கிராமத்தின் ஓரத்தில் கூடுகிற எங்கள் தகரக் கூரை ஜெபவீடுதான். சோதிப்பது சபையின் வேலை.

சபை அந்த வேலையைச் செய்யாவிட்டால் எதுவரை போகும் என்பதற்குக் கென்யா சாட்சி. ஷகஹோலா காட்டில் 2023இல் 400க்கும் மேற்பட்ட உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். உலகம் முடிவதற்குள் பட்டினி கிடந்து இயேசுவைச் சந்திக்கலாம் என்று நம்பவைக்கப்பட்டவர்கள் அவர்கள். குழந்தைகளும் அதில் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் கூட்டத்தார் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். ஹரல்ட் காம்பிங் 2011 மே 21 என்றார். அந்த நாளையும் நேரத்தையும் ஒருவரும் அறியார் என்று இயேசு சொன்ன பிறகும் நாள் குறிக்கிறவர் யாருக்குப் பதில் சொல்கிறார்?

நான் இரண்டாம் வருகையை மறுக்கிறவள் இல்லை. விசுவாசப் பிரமாணத்தில் அதை ஞாயிறுதோறும் வாய்விட்டுச் சொல்கிறேன். ஐந்தாம் முத்திரை உடைகிறபோது பலிபீடத்தின் கீழே இருக்கிற ஆத்துமாக்கள், எதுவரை நியாயம் கேட்காதிருப்பீர் என்று கூப்பிடுகிற இடம் என் நெஞ்சுக்கு மிக அருகில் இருக்கிறது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது, உடுத்த துணியோடு வடக்கே போனவர்களின் குரல் அது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று குண்டுவெடிப்புகளில் கொல்லப்பட்ட 260க்கும் மேற்பட்டவர்களுக்காக இன்னும் நீதி கேட்டுக்கொண்டிருக்கிறார் கர்தினால் மல்கம் ரஞ்சித். எங்கள் இரத்தினபுரி மறைமாவட்டத்தின் முதல் ஆயராக இருந்தவர். குண்டு வெடித்தது எந்த முத்திரை என்று கணக்குப் போட்டவர்களை விட, யார் பொறுப்பு என்று கேட்கிறவர்தான் வெளிப்படுத்தலை ஒழுங்காகப் படித்தவர்.

மண்சரிவுக்கும் இதையே சொல்வேன். 2016 மே மாதம் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தோடு மண்ணுக்குள் போனவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோதும், முடிவு நெருங்கிவிட்டது என்று பிரசங்கம் நடந்தது. சரிவின் விளிம்பில் லயம் கட்டியது யார், ஆபத்து என்று தெரிந்தும் அங்கேயே குடியிருக்க வைத்தது யார் என்று அந்த மேடைகளில் ஒரு வார்த்தை இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைச் சபையில் வாசிக்காத பாஸ்டர், ஏழு எக்காளத்தைப் பற்றி எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் காவற்காரன் ஆக மாட்டார்.

டிஜிட்டல் அடையாள அட்டையிலும் கேட்க வேண்டியது நிறைய உண்டு. நம் கைரேகையும் கண் அடையாளமும் யாரிடம் இருக்கும், யார் பார்க்கலாம், தவறினால் யார் பொறுப்பு? இவற்றை நாடாளுமன்ற உறுப்பினரிடமும் தொழிற்சங்கத்திடமும் கேளுங்கள். 666 என்று சொல்லி ஒளிந்துகொண்டால் அந்தக் கேள்விகளைக் கேட்க ஆள் இராது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்துக் கப்பலேற்றியது. 2003இல்தான் மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கத் தனிச் சட்டம் வந்தது. காகிதம் இல்லாமல் அரை நூற்றாண்டு அலைந்தவர்களிடம் போய், காகிதத்தை எடுக்காதே, அது மிருகத்தின் முத்திரை என்று சொல்வது பாவம். அப்படிக் கேட்டு அட்டை எடுக்காமல் விட்டவருக்கு அஸ்வெசும நிவாரணமும் வங்கிக் கணக்கும் தடைப்பட்டால், சொன்னவர் வந்து அரிசி வாங்கித் தரப்போவதில்லை.

சபை மூப்பர்களையும் குருமாரையும் கேட்டுக்கொள்கிறேன். வெளிப்படுத்தலை ஒளித்து வைக்காதீர்கள். அதிகாரம் அதிகாரமாக, எழுதப்பட்ட காலத்தோடு சேர்த்துப் படிப்பியுங்கள். வெளியூரிலிருந்து யாரைக் கூட்டத்துக்கு அழைத்தாலும், அன்று விழுந்த காணிக்கையின் கணக்கை அடுத்த ஞாயிறே சபையில் வாசியுங்கள். சம்பள வாரத்தில் விசேஷக் காணிக்கைக் கூட்டம் வைப்பதை நிறுத்துங்கள். லயத்து மக்களுக்கும் ஒரு வார்த்தை: யாராவது உங்கள் பிள்ளையின் தலைக்கு மேல் முத்திரை தெரிகிறது என்று சொன்னால், காசை முடிச்சவிழ்க்கும் முன் பிள்ளைக்குப் போன் எடுங்கள். அதன் பிறகு, சொன்னவரிடம் கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள்.